ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்

2022 அக்டோபரில், அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கணினி மக்கர் செய்தது. ஏஎம்டியின் 32 கோர் த்ரெட்ரிப்பர் பிராசஸர், இரண்டரை வருடமாக ஒரு குறையும் வைக்காத இயந்திரம். திடீரென்று, கம்பைலர் பாதி வழியில் விழ ஆரம்பித்தது. ஒரு தடவை விழுந்த இடத்தில் மறு தடவை விழவில்லை. பிழைச் செய்திகளுக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணினிக்குச் சொந்தக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியவர், இன்றைக்கும் கெர்னலின் முக்கியப் பதிப்புகளைத் தன் கையால் வெளியிடுகிறவர். அந்த வாரம் 6.1 பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதலில் சந்தேகம் போனது கெர்னலின் மேல்தான். புதிதாகச் சேர்ந்த ஏதோ ஒன்று மெமரியைக் கெடுக்கிறது என்று நினைத்தார். பழைய கெர்னலில் பூட் செய்தும் கோளாறு தொடர்ந்தது. கடைசியில் மெமரி சோதனையை ஓடவிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ரேம் கெட்டுப்போயிருந்தது. புது ரேம் வரும்வரை லேப்டாப்பை வைத்து ஒப்பேற்றினார்.

அவருக்கே இப்படியென்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வரவில்லை. கெட்ட ரேம், மென்பொருள் பிழைபோலவே வேஷம் கட்டும் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

முழுதாகப் படுத்துவிட்ட கணினியால் பெரிய ஆபத்து கிடையாது. காசு செலவாகும், இரண்டு நாள் வேலை கெடும். வாரத்துக்கு ஒரு தடவை ஹேங் ஆகி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மறுபடி போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிற கணினிக்குத்தான் பயப்பட வேண்டும். ஹேங் ஆன ஒரு நிமிஷம் மட்டுமே நம் கண்ணில் படுகிறது. மீதி ஆறு நாளும் அது அதே கோளாறோடுதான் ஃபைல்களைப் படிக்கிறது, எழுதுகிறது, பேக்கப் எடுக்கிறது.

ரேமில் பிழை வருவது எத்தனை சகஜம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கூகுள் தன் சர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து, டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களிலும், தனித்தனி ரேம்களாக எண்ணினால் 8 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றிலும், குறைந்தது ஒரு மெமரிப் பிழையாவது பதிவாகியிருந்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர் ஒரு பிட்டைப் புரட்டிவிட்டது என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தரவில் கதிர்வீச்சால் வரும் தற்செயல் பிழைகளைவிட, பழுதான சிப்பு திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகளே மேலோங்கியிருந்தன. ஒரு தடவை செய்த ரேம் மறுபடியும் செய்யும்.

கூகுளால் எண்ண முடிந்ததற்குக் காரணம், அந்த சர்வர்களில் இருந்தது ஈசிசி ரேம். ஒரு பிட் மாறினால் அதைத் திருத்தி, திருத்தியதைக் குறித்தும் வைக்கும். நம் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் அது இல்லை. டோர்வால்ட்ஸ் வீட்டிலும் இல்லை. 2020இல், கொரோனா தொடங்கிய நேரத்தில் ஈசிசி ரேம் நியாயமான விலையில் கிடைக்காமல் சாதாரண ரேமை வாங்கிப் போட்டிருந்தார். திருத்துபவரும் இல்லை, குறித்துவைப்பவரும் இல்லை என்றால் பிழை எங்கே போகும்? நேராக ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும்.

ஃபோனிலிருந்து கல்யாண போட்டோக்களைக் கணினிக்கு ஏற்றுகிறீர்கள். ஒவ்வொரு படமும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே எழுதப்படும். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம், ஃபைல்களைப் பற்றிய குறிப்புகளுக்குத்தான் செக்சம், அதாவது தரவு மாறவில்லையா என்று சரிபார்க்கும் எண், வைக்கிறது. ஃபைலின் உள்ளடக்கத்துக்கு வைப்பதில்லை. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய ஃபைல்சிஸ்டங்கள் உள்ளடக்கத்துக்கும் வைக்கும். ஆனால் செக்சம் போடுவதற்கு முன்பே ரேமில் கெட்டுவிட்டால், கெட்டதற்கே முத்திரை விழும். இரண்டு வருடம் கழித்து ஆல்பத்தைத் திறக்கும்போது, தாலி கட்டும் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நிற்கும். அதற்குள் அந்தப் படம் மூன்று பேக்கப்பிலும் ஏறியிருக்கும்.

அதனால் கோளாறைத் தேட உட்காருமுன் செய்ய வேண்டியது பேக்கப்தான். அதுவும் பழைய பேக்கப்பின் மேல் எழுதக் கூடாது. வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் இந்த டிஸ்க்கைக் கழற்றி நம்பகமான வேறு கணினியில் மாட்டி, புதிதாக ஒரு பிரதி எடுங்கள். பழையது தொடப்படாமல் அலமாரியில் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. இதைத் தெரியாமல் செய்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க்கில் பிழை என்று கணினி சொன்னதும், சட்டென்று எஃப்எஸ்சிகே போட்டு, வரும் கேள்விகளுக்கெல்லாம் ஆமாம் என்று பதில் கொடுத்துவிடுவது. எஃப்எஸ்சிகே, ஃபைல்சிஸ்டத்தை ரேமில் ஏற்றி, ரேமில் பார்த்ததை நம்பி, டிஸ்க்கைத் திருத்தும் கருவி. ரேமே பழுதென்றால் நல்ல டிஸ்க்கைக் கெட்டதென்று எண்ணித் திருத்தித் தள்ளிவிடும். ரேம் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகும்வரை எதையும் சரிசெய்யச் சொல்லி உத்தரவு போடாதீர்கள். லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அடுத்தது தடயம். பவர் பட்டனை நாலு செகண்ட் அழுத்திப் பிடிப்பது, திருட்டு நடந்த வீட்டைக் கழுவிவிட்டுப் போலீசைக் கூப்பிடுவதற்குச் சமம். லாக் எழுதும் சிஸ்டம்டி ஜர்னல், சாதாரணச் செய்திகளை உடனுக்குடன் டிஸ்க்கில் உறுதிப்படுத்துவதில்லை. மாற்றாமல் விட்டால், அதன் இடைவெளி 5 நிமிஷம். மிக அவசரமென்று முத்திரை குத்திய செய்திகளுக்கு மட்டும் விலக்கு. ஹேங் ஆவதற்கு முந்தைய சில நிமிஷங்கள்தான் நமக்கு வேண்டும். பிளக்கைப் பிடுங்கினால் முதலில் காணாமல் போவதும் அவையே. சில பழைய அமைப்புகளில் லாக் முழுவதும் ரேமிலேயே இருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் ஒரு வரிகூட மிஞ்சாது. டெபியனில் 11ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், ஜர்னல் டிஸ்க்கில் தங்குகிறது. உங்கள் கணினியில் வார் லாக் ஃபோல்டருக்குள் ஜர்னல் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் உருவாக்கிவிடுங்கள்.

திரை உறைந்துவிட்டால் கணினியே உறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபோனிலிருந்து அதன் ஐபி முகவரிக்குப் பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. கிராஃபிக்ஸ் பக்கம்தான் ஏதோ சிக்கல். எஸ்எஸ்எச் முன்பே அமைத்திருந்தால் உள்ளே போய் லாக்கை அப்படியே எடுத்துவிடலாம். பிங்குக்கும் பதில் இல்லையென்றால், ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி ஆகிய மூன்றையும் சில செகண்ட் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எஸ், எழுதாமல் இருப்பதை டிஸ்க்குக்கு அனுப்பும். யு, டிஸ்க்கை எழுத முடியாத நிலைக்குக் கொண்டுபோகும். பி, ரீஸ்டார்ட் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் ஆரம்பத்திலேயே அனுமதி உண்டு. இதற்கும் மசியவில்லை என்றால், அதுவே ஒரு தடயம்: கெர்னலுக்கும் கீழே ஏதோ நின்றுவிட்டது. நேரத்தோடு குறித்துக்கொண்டு பிறகு பவர் பட்டனைத் தொடுங்கள்.

மறுபடி வந்ததும் முந்தைய பூட்டின் கெர்னல் லாக்கைப் பாருங்கள். ஹார்ட்வேர் எரர் என்ற சொல் அடைப்புக்குறியோடு நின்றால் அதில் ஊகத்துக்கு இடமில்லை. ஹார்ட்வேரில் பிழை என்று பிராசஸரே கெர்னலிடம் புகார் கொடுத்திருக்கிறது. அப்படி நேரடியாகச் சொல்லும் கோளாறுகள் குறைவு. மற்றவை சுற்றிவளைத்துப் பேசும். என் வீட்டில் நடந்தது அப்படித்தான்.

ஒரு மே மாத மதியம், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் சேவ் ஆக மறுத்தது. மவுஸ் நகர்கிறது, பாட்டு ஓடுகிறது, எதையும் எழுத மட்டும் முடியவில்லை. டிஸ்க்கோடு பேச்சு முறிந்ததும், மேலும் சேதம் வேண்டாமென்று எக்ஸ்ட்4 தன்னைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது. லாக்கில் ஒன்றுமே இல்லை. இருக்கவும் முடியாது, டிஸ்க் போய்விட்டது என்ற செய்தியை அந்த டிஸ்க்கில்தானே எழுத வேண்டும். இது உறைக்க எனக்கு இன்னும் இரண்டு தடவை ஆயிற்று. நாலாவது தடவை ரீஸ்டார்ட் செய்யாமல், டெர்மினலில் ஓடிய வரிகளை ஃபோனில் படம் பிடித்தேன். லிங்க்கை ஹார்ட் ரீசெட் செய்கிறேன் என்று கெர்னல் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சாட்டா வேகத்தை நொடிக்கு 6 கிகாபிட்டிலிருந்து 3க்கும், அங்கிருந்து ஒன்றரைக்கும் தானே இறக்கியிருந்தது.

கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு டிஸ்க் போச்சு சார் என்றார். புது டிஸ்க் வாங்கினேன். பதினாறாம் நாள் அதே கதை.

அதற்குப் பிறகுதான் ஸ்மார்ட் அட்டவணையை ஒழுங்காகப் படித்தேன். சாட்டா டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே வைத்திருக்கும் மருத்துவக் குறிப்பு அது. 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். பழைய டிஸ்க்கில் இரண்டுமே பூஜ்யம். 199இல் மட்டும் 1,412. அந்த எண், டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தரவு வழியில் சிதைந்து, செக்சம் பொருந்தாமல் போன தடவைகளின் கணக்கு. தட்டில் கோளாறு இல்லை, பாதையில்தான் கோளாறு. புது டிஸ்க்கிலும் 199 மட்டும் 37க்கு ஏறியிருந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சாட்டா கேபிள் டிஸ்க்கை விட்டு வெளியே வந்த இடத்திலேயே, மூடி அழுத்தியதில் செங்கோணமாக மடிந்திருந்தது. அதன் முனையில் பூட்டிப் பிடிக்கும் உலோகக் கொக்கியும் இல்லை. வெயில் ஏறி ஃபேன் வேகமாகச் சுற்றும் நேரத்தில் கேபினெட் அதிர, முனை நூலிழை நகர்கிறது. ஒவ்வொரு தடவையும் மதியத்திலேயே கோளாறு வந்ததன் ரகசியம் இதுதான். புது கேபிள் 120 ரூபாய்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கொண்டுபோனது ஒரு போட்டோ, அவர் சொன்னது ஒரு ஊகம். காசை எடுத்துக் கொடுத்தது என் கை.

அதே சமயம் ஸ்மார்ட் அட்டவணை சுத்தமாக இருப்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வதும் தவறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செத்தன. மறுபக்கம், ஸ்கேன் பிழை ஒன்றே ஒன்று வந்துவிட்டாலும், அடுத்த 60 நாளில் அந்த டிஸ்க் சாகும் வாய்ப்பு 39 மடங்கு கூடுகிறது. குறி தெரிந்தால் நம்ப வேண்டும், தெரியாவிட்டால் நிம்மதி அடையக் கூடாது.

இந்த வகைக் கோளாறில் நம்மை அதிகம் ஏமாற்றுவது நம்முடைய கணக்குதான். ஹேங் சராசரியாக 10 நாளுக்கு ஒரு தடவை, ஒழுங்கில்லாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றுகிறீர்கள். 10 நாள் ஹேங் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும். எதையுமே மாற்றாமல் விட்டிருந்தாலும் 10 நாள் ஹேங் இல்லாமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 20 நாள் சும்மா கடக்க 14 சதவீதம். 30 நாள் கடந்த பிறகுதான் அது 5 சதவீதமாகக் குறைகிறது. கோளாறு வரும் இடைவெளியைப்போல மூன்று மடங்கு காலம் காத்திருக்காமல், சரியாகிவிட்டது என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு மாதத்தில் இன்னும் நாலு மாற்றம் செய்துவிட்டால் எது மருந்து, எது தண்ணீர் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிய ஒரு நோட்டு. இதை எழுதுவது சுலபம், ஒரு மாதம் பொறுப்பதுதான் கஷ்டம்.

பிழைச் செய்தி காட்டும் திசையில் கோளாறு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருந்த பலரின் திரையில் கேம் விழும்போது வந்த செய்தி, வீடியோ மெமரி போதவில்லை என்பது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் உண்டு. பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே அரித்துக்கொண்டிருந்தது என்று 2024இல் தெரிந்தது. ஆகஸ்டிலிருந்து பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் வந்தது. அது மேற்கொண்டு சேதம் வராமல் தடுக்கப் பார்க்கும். ஏற்கெனவே அரித்துப்போனதை மீட்காது. நிறுவனம் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. எப்போதாவதுதானே வருகிறது என்று தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த மாதங்கள் சேதக் கணக்கில் சேர்ந்தன.

சின்ன உதாரணம் ஒன்று. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போகும். டிரைவர் பிழை என்று தேடிக்கொண்டே இருப்போம். யுஎஸ்பி 3 தரவு ஓடும்போது 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை ரேடியோ இரைச்சல் எழும்பும் என்று இன்டெலே 2012இல் அளந்து எழுதியிருக்கிறது. மவுஸின் ரிசீவர் கேட்பதும் அதே அலைவரிசையில். ரிசீவரை முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினாலோ, ஓரடி எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தாலோ முடிந்தது.

நம் ஊர் மின்சாரத்துக்கு வருவோம். கரன்ட் போய் இன்வர்ட்டர் எடுக்கும் நொடியில் கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? முதலில் இன்வர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட் என்ற சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது பரவாயில்லை. கணினியின் எஸ்எம்பிஎஸ் 16 மில்லிசெகண்ட் அளவுக்குத்தான் மூச்சைப் பிடிக்கும். யுபிஎஸ் மோடிலும் விழுகிறதென்றால், போன வருடம்வரை விழவில்லையென்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் கிழடாகியிருக்கலாம். லோடு ஏறும்போது காரணமில்லாமல் வரும் ரீஸ்டார்ட்டுக்கும் அது பொறுப்பாக இருக்கலாம். 12 வோல்ட் இணைப்பு 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. இதை மல்டிமீட்டரில் வெளியிலிருந்து அளக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஃபேன் துடைக்கிறேன் என்றுகூட வேண்டாம்.

எர்த் இல்லாத பிளக், மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டர், இவை இன்னொரு ரகம். எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் எர்த்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்ப வழியில்லாமல், கேபினெட்டின் மேல் 115 வோல்ட் அளவுக்கு மிதக்கவிடும். கரன்ட் மிகக் குறைவு, கை வைத்தால் சுர்ரென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எச்டிஎம்ஐ கேபிளை எர்த் உள்ள டிவியில் செருகும் கணத்தில் அது சிக்னல் கம்பிகளின் வழியே பாயத் தேடும். யுஎஸ்பி துண்டித்துத் துண்டித்து இணைவதும், எச்டிஎம்ஐ போர்ட்டே போய்விடுவதும் இப்படி நடக்கும். இதற்கு லினக்ஸில் மருந்து கிடையாது. எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டும் வித்தை நம் சர்வீஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பலிக்கவும் செய்யும். கடலோர ஊர்களில் தொடர்புமுனைகளில் படலம் படிவது உண்மை. ஆனால் அந்தத் தங்கப் பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ரப்பர் அதையும் சேர்த்துத் தேய்க்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். தேய்த்து மாட்டியதும் ஓடினால் ரேம் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். அதே இரவு, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓடவிடுங்கள்.

மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸின் பழைய 5.01 பதிப்பு யுஇஎஃப்ஐ கணினிகளில் பூட் ஆகாது. 2022இல் வந்த 6ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கு முன் பயாஸில் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்காக நாமே போட்ட ஓவர்கிளாக் அது. எடுத்துவிட்டதும் கோளாறு நின்றால் ரேம் மாற்றக்கூட வேண்டாம். மெம்டெஸ்டில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் வாதாட இடமில்லை. ரேம்களைத் தனித்தனியாக, ஸ்லாட் மாற்றிச் சோதித்தால் பழுது ரேமிலா, ஸ்லாட்டிலா என்று தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க ஓடியும் ஒன்றும் வரவில்லையென்றால், அந்த ராத்திரி அந்தச் சூட்டில் பிழை வரவில்லை என்பது மட்டும் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து சூடேறும் மதியத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

போச்சு என்று ஒதுக்கிய அந்தப் பழைய டிஸ்க் இப்போது எனக்கு இரண்டாவது பேக்கப். 199ஆம் எண்ணை அழிக்க வழியில்லை. ஏறுமே தவிர இறங்காது. மாதம் முதல் தேதி ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் 1,412தான்.